மிலிட்சா வீட்டு முதல் காலடி

1969 டிசம்பர் 20, பொழுது விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வென்கா பிறந்தாள். அது இக்னாத் நாள். லெஷ்னிட்சா கிராமத்தில் அன்று காலை ஒரு வீட்டுக்குள் முதலில் யார் கால் வைக்கிறாரோ, அவரை வைத்துத்தான் அந்த வீட்டுக் கோழிகளின் வருடம் அமையும். வருகிறவர் ஒரு கட்டுச் சுள்ளியோடு வர வேண்டும். அடுப்புக்கு முன்னால் சுள்ளியைப் போட்டு, அதன்மேல் அடைக்கோழி மாதிரி அசையாமல் உட்கார வேண்டும். வீட்டுக்காரி கோதுமையும் அக்ரூட்டும் தலையில் தூவி, தின்னக் கொடுத்து, ஒரு பரிசும் தந்த பிறகே எழுந்திருக்கலாம். அவர் நன்றாக உட்கார்ந்தால் கோழிகளும் நன்றாக அடை உட்காரும்.

வென்கா பிறந்த அன்று அந்த வீட்டுக்குள் முதலில் நுழைந்தவள் மருத்துவச்சி. பாவம், பிரசவம் முடிந்த களைப்பில் அடுப்படியில் உட்கார்ந்தவள் மத்தியானம் வரை எழவில்லை. அடுத்த கோடையில் கோழிக்குஞ்சுகள் சமையலறை வரை நடமாடின. பேர் மருத்துவச்சிக்குப் போகவில்லை, குழந்தைக்குப் போனது. பக்கத்து வீட்டு மிலிட்சாவின் அம்மா மறுவருடமே கைக்குழந்தையை முன்பதிவு செய்துவிட்டாள். அன்றிலிருந்து மிலிட்சாவின் வீட்டுக்கு முதல் காலடி வென்காவுடையது.

சிக்கல் என்னவென்றால், அந்தக் குழந்தைக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது.

மிலிட்சாவுக்கு அப்போது பதினான்கு, பதினைந்து வயது. சுள்ளிக்கட்டின்மேல் அவள் உட்கார்ந்து, வென்காவை மடியில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். குழந்தை நெளியும், திமிறும், கடிக்கும். மிலிட்சாவின் அம்மா அவசர அவசரமாகக் கோதுமையைத் தூவுவாள். மிலிட்சாவின் இடது மணிக்கட்டில் பல் பதிந்த வடு இன்னும் இருக்கிறது.

வளர்ந்த பிறகும் வென்காவுக்கு அதே கதைதான். வித்தின் நகரத்துக்குப் போகும் பேருந்தில் கண்டக்டராகப் போனாள். காலியான இருக்கைகளுக்கு நடுவே நின்றுகொண்டே ஊர் ஊராகப் போய் வந்தாள். பயணிகள் குறைந்து அந்த வழித்தடத்தை நிறுத்தியபோது, வீட்டில் இரண்டு வாரம் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். மூன்றாவது வாரம் முயல் வாங்கினாள். பிறகு நாட்டுக்கோழி. பிறகு ஒரு ஆடு. பிறகு வான்கோழிகள். தண்ணீர் மாற்றவும், தவிடு பிசையவும், கூண்டு கழுவவும், மரநாய் நுழையும் ஓட்டையை அடைக்கவும் ஒரு நாள் போதவில்லை. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அவள் கணவன் ரங்கேல் எதிர்த்திசை. டிராக்டர் கொட்டகையில் காவலாளியாக இருந்தவன். கொட்டகையை மூடியபோது அங்கே உட்கார்ந்திருந்த நாற்காலியை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டான்.

"நீ எதுக்கு அலையுற? உனக்கும் சேர்த்துத்தான் நான் உக்காந்திருக்கேனே" என்பான்.

குளிர் முடியும் மாதத்தில் வான்கோழியை அடை வைப்பது வென்காவின் தனி வித்தை. ரொட்டித் துண்டை பிளம் சாராயத்தில் ஊறவைத்து ஊட்டுவாள். கழுத்து தொங்கியதும் முட்டைகளின்மேல் உட்கார்த்தி, பஞ்சாரத்தைக் கவிழ்த்து, கோணியால் மூடிவிடுவாள். மறுநாள் தெளிந்து கண் திறக்கும்போது, தான் காலம் காலமாக அங்கேயே உட்கார்ந்திருப்பதாக வான்கோழி நம்பிவிடும். கோழிமுட்டை, வாத்துமுட்டை என்று எதை வைத்தாலும் பொரித்துத் தரும்.

"எனக்கும் அப்படி ஊத்திக் குடேன். நானும் பொரிச்சுத் தரேன்" என்று ரங்கேல் வருடா வருடம் கேட்பான்.

போன இக்னாத் நாளில்தான் வினை வந்தது. வென்கா வழக்கம்போல் மிலிட்சாவின் அடுப்புக்கு முன்னால் சுள்ளியைப் போட்டு உட்கார்ந்தாள். மிலிட்சா கோதுமைச் சல்லடையை எடுக்கத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து சுவருக்கு அந்தப் பக்கம் ஆடு கத்தியது. கொம்பு வேலியில் மாட்டிக்கொண்டால் கத்துகிற கத்தல். வென்கா ஒரே துள்ளலில் வெளியே இருந்தாள். மிலிட்சா தூவிய கோதுமை வெறும் சுள்ளியின்மேல் விழுந்தது.

அந்த வசந்தத்தில் மிலிட்சாவின் கோழி ஒன்றுகூட ஒழுங்காக அடை உட்காரவில்லை. ஒரு கிழட்டுப் புள்ளிக்கோழி மட்டும் உட்கார்ந்தது. மூன்றாவது நாள் அதுவும் எழுந்து போய்விட்டது. முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன.

ரொட்டி வேனுக்காகப் பாதி ஊர் நிற்கும்போது மிலிட்சா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "புள்ளிக்கோழி பாதியில எந்திரிச்சு ஓடிச்சே, யாரப் பாத்துக் கத்துக்கிச்சுன்னு எனக்குத் தெரியும்."

வென்கா விடவில்லை. "லாரியில வந்த வெள்ளைக் கோழிய வாங்கி நிறைச்சு வச்சிருக்க! அதெல்லாம் மெஷின்ல பொரிஞ்சது அக்கா! அதுக்கு அம்மாவே கிடையாது. அடை உக்கார யாரு சொல்லிக் குடுப்பா?"

"புள்ளிக்கோழி எந்த லாரியில வந்துச்சு? சொல்லு பாப்போம்!"

வென்காவின் மனதுக்குள்ளும் அந்தப் புள்ளிக்கோழிதான் கொத்திக்கொண்டிருந்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. வென்கா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதன் வழியே போவாள், நின்றபடியே காபி குடிப்பாள், வருவாள். ஜூன் மாதம் மிலிட்சா அந்தக் கதவின் குறுக்கே ஒரு பலகையை அறைந்துவிட்டாள். கோடை போனது, மிளகாய் வறுக்கும் காலம் போனது, முட்டைக்கோஸ் ஊறப்போடும் காலமும் போனது. பலகை அப்படியே இருந்தது. வென்கா முற்றத்தில் நடக்கும்போதெல்லாம் கால் தானாக அந்தக் கதவுப் பக்கம் திரும்பும். பிறகு முயல் கூண்டுப் பக்கம் திருப்பிக்கொள்வாள். கூண்டில் செய்வதற்கு வேலை இருக்காது.

டிசம்பர் பிறந்ததும் ரங்கேல் ஒரு நாள் கடையிலிருந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி, அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மிலிட்சா என்னைக் கூப்பிட்டிருக்கா."

"எதுக்கு?"

"இக்னாத்துக்கு. முதல் காலடிக்கு."

வென்காவின் கையில் இருந்த தவிட்டு வாளி கீழே போனது.

"ஊர்லயே என்னை மாதிரி உக்கார ஆளு இல்லையாம்" என்றான் ரங்கேல். பெருமையை மறைக்கப் பார்த்தான், முடியவில்லை. "காலுக்கு அளவுகூட எடுத்துட்டா. காலுறை பின்னுறா."

ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்தக் காலுறை வென்காவுக்குப் பின்னப்பட்டது. முதல் காலடிக்கான பரிசும் அதுதான், பிறந்தநாள் பரிசும் அதுதான்.

"போ" என்றாள் அவள். "போய் நல்லா உக்காரு. அவளுக்கு இந்த வருஷமாவது குஞ்சு வரட்டும்." சொல்லிவிட்டு, ஏற்கெனவே பெருக்கியிருந்த முற்றத்தை மறுபடி பெருக்கப் போனாள்.

இருபதாம் தேதி அவள் இருட்டிலேயே எழுந்துவிட்டாள். ஆடு கறந்தாள், முயலுக்குக் காரட் தழை போட்டாள், உறைந்த தண்ணீர்த் தொட்டியைக் கட்டையால் உடைத்தாள். வெளிச்சம் வந்தது. ரங்கேல் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தாள். முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் கிளம்பலையா?"

"சவரம் பண்ண வேணாமா? முதல் காலடி தாடியோடவா போகும்?"

"வேற யாராவது உள்ள போயிட்டா? தபால்காரன், கீரிப்பிள்ளை மாதிரி எல்லா வீட்டுக்கும் நுழைவான்!"

"இன்னைக்கு எவன் அழைக்காம ஒரு வீட்டுக்குள்ள நுழைவான்? உக்காரு கொஞ்சம். பிறந்தநாள் வேற."

அவள் உட்காரவில்லை. அவனுடைய தொப்பியைத் தேடிக் கொடுத்தாள். பூட்ஸைத் துடைத்துக் கொடுத்தாள். சுள்ளிக்கட்டைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். அவன் இன்னொரு கோப்பை காபியை ஆரம்பித்தான். வென்கா பொறுக்க முடியாமல் வெளியே வந்து, கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், வான்கோழிக் கூண்டைத் திறந்துவிட்டாள்.

அங்கேதான் தப்பு. இறகு வெட்டும்போது ஒரு பக்கம் மட்டும் வெட்ட வேண்டும், அப்போதுதான் பறக்கப் போனால் சாய்ந்து விழும். இலையுதிர் காலத்தில் வாங்கிய சாம்பல்நிறப் பெட்டைக்கு அவள் அவசரத்தில் இரண்டு பக்கமும் வெட்டித் தொலைத்திருந்தாள். அதற்குச் சாய்வு எதுவும் இல்லை. முயல் கூண்டின்மேல் ஏறியது. அங்கிருந்து சுவர். சுவரின்மேல் நின்று இரண்டு முற்றத்தையும் அதிகாரி மாதிரி பார்த்தது. பிறகு மிலிட்சாவின் பக்கம் தொப்பென்று குதித்தது.

வென்கா கவிழ்த்த வாளிமேல் ஏறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மிலிட்சாவின் சமையலறைக் கதவு ரங்கேலுக்காக விரியத் திறந்திருந்தது. அடுப்பு எரிந்தது. பூசணி அப்பத்தின் வாசனை முற்றம் வரை வந்தது. வான்கோழி பனியில் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி வைத்து நேராக நடந்தது. படியேறியது. உள்ளே போனது.

"ஐயோ!" என்று உள்ளேயிருந்து மிலிட்சாவின் குரல் வந்தது. துடைப்பம் தரையில் தட்டும் சத்தம்.

"அக்கா! அடிக்காத!" ஆறு மாதத்தில் வென்கா அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. "விரட்டாத அக்கா! இன்னைக்கு வந்ததை விரட்டினா வருஷம் பூரா விரட்டின மாதிரி!"

துடைப்பச் சத்தம் நின்றது. மிலிட்சா வாசலுக்கு வந்தாள். அறுபத்தெட்டு வயது, கையில் துடைப்பம், இடுப்பில் புது ஏப்ரன்.

"இது உன்னோடதா?"

"என்னோடதுதான்."

"வேணும்னே அனுப்பினியா?"

"வான்கோழிக்குச் சொல்லி அனுப்ப நான் யாரு? நீ கூப்பிட்ட ஆளு இன்னும் காபி குடிச்சிட்டிருக்கான்!"

மிலிட்சா உள்ளே எட்டிப் பார்த்தாள். திரும்பியபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"வென்கா."

"என்ன?"

"உக்காந்துருச்சுடி."

"எங்க?"

"அடுப்பு முன்னால. ரங்கேல் குளிர்ல வருவானேன்னு வைக்கோல் போட்டிருந்தேன். அதுமேல. கண்ணைக்கூட மூடிருச்சு."

அப்போது தெருப்பக்க வாயிற்கதவு கிறீச்சிட்டது. பளபளவென்று சவரம் செய்த முகத்தோடு, கையில் சுள்ளிக்கட்டோடு, தொண்டையைச் செருமிக்கொண்டு ரங்கேல் நின்றான். "உங்க வீட்டுக் கோழியெல்லாம்..." என்று ஆரம்பித்தான்.

"அங்கேயே நில்லு!" இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவன் நின்றான். கொஞ்ச நேரத்தில் வாயிற்படிக் கல்லில் உட்கார்ந்துகொண்டான்.

மிலிட்சா உள்ளே போய்ச் சல்லடையைக் கொண்டு வந்து வான்கோழியின்மேல் கோதுமை தூவினாள். அது எழவில்லை. கழுத்தை மட்டும் நீட்டி, எட்டிய தூரத்தில் விழுந்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டு, மறுபடி தலையை இறகுக்குள் வைத்துக்கொண்டது. மிலிட்சா மறுபடி வாசலுக்கு வந்தாள். சுவரின்மேல் தெரிந்த தலையைப் பார்த்தாள்.

"உன் வீட்டு ஆளு வந்திருக்கு. நீ அங்க தொங்கிட்டிருந்தா எப்படி?"

வென்கா சத்தமாகக் கேட்டாள்: "கதவுல பலகை அறைஞ்சது யாரு?"

"தெருவைச் சுத்தி வாடி. ஆனா வந்தா உக்காரணும். அது எந்திரிக்கிற வரைக்கும். எந்திரிச்சேன்னு வையி, பலகை மேல இன்னொரு பலகை அடிப்பேன்."

வென்கா தெருவைச் சுற்றி ஓடி வந்தாள். ரங்கேலின் கையிலிருந்து சுள்ளிக்கட்டைப் பிடுங்கினாள், அவனைத் தாண்டினாள், படியேறினாள். வான்கோழிக்குப் பக்கத்தில் சுள்ளியைப் போட்டு உட்கார்ந்தாள். மிலிட்சா அவள் தலையிலும் கோதுமை தூவினாள். அக்ரூட் ஒன்று நெற்றியில் பட்டது. கொஞ்சம் வேகமாகவே பட்டது.

அப்பம் வந்தது. தின்றாள். காபி வந்தது. முதல் முறையாக உட்கார்ந்து குடித்தாள். கால் தரையில் தட்டத் தொடங்கியது. முழங்காலைக் கையால் அமுக்கினாள், மற்ற கால் தட்டியது. வான்கோழி தூங்கிக்கொண்டிருந்தது. அடுப்பின்மேல் தட்டு ஒன்று கோணலாக இருந்தது, எழுந்து நேராக்க வேண்டும்போல இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒரு கறை. முயல்களுக்குத் தண்ணீர் உறைந்திருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆடு கத்தியது.

அதே கத்தல். வேலியில் கொம்பு. வென்காவின் இடுப்பு சுள்ளியைவிட்டு ஒரு விரல்கடை எழும்பியது.

மிலிட்சா மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து, சுள்ளிக்கட்டில் மீதமிருந்த இடத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வென்காவின் இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கடிக்காத" என்றாள்.

ஆடு இன்னும் சத்தமாகக் கத்தியது.

"ரங்கேல்!" என்று வென்கா அலறினாள். "எந்திரிடா! ஆடு!"

வெளியே ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு பூட்ஸ் சத்தம். அவன் ஓடுவது மாதிரிகூட இருந்தது. கத்தல் நின்றது.

வான்கோழி எழுந்து உடம்பை உதறியபோது மத்தியானமாகிவிட்டது. வென்காவின் கால்கள் மரத்துப் போயிருந்தன. மிலிட்சா பெட்டியிலிருந்து காலுறையை எடுத்து அவள் மடியில் போட்டாள். சாம்பல் நிறம், சிவப்புக் கரை. ரங்கேலின் அளவு. வென்காவுக்கு முழங்கால் வரை வந்தது.

"பிரிச்சுப் பின்னட்டுமா?"

"வேணாம். உள்ள ரெண்டு காலும் போகும்."

அந்தச் சனிக்கிழமை ரங்கேல் கதவின் பலகையைப் பிடுங்கினான். வென்காவின் வான்கோழி மிலிட்சாவின் கொட்டகையிலேயே தங்கியது. மார்ச் மாதம் அதற்குச் சாராய ரொட்டி ஊட்டி, வென்காவின் நாட்டுக்கோழி முட்டைகள் இருபத்தொன்றின்மேல் உட்கார்த்தினார்கள். பதினெட்டு பொரிந்தன.