தாளாளர் அறை போனில் கேட்ட குரல்

போன தை மாதம், பொங்கல் லீவு முடிந்து காலேஜ்கள் திறந்த வாரம் நடந்தது இது. இடம், அரியலூரிலிருந்து செந்துறை போகும் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் நர்ஸிங் கல்லூரியின் பெண்கள் விடுதி. இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் அடங்கவில்லை.

எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் முடித்திருந்தேன். சென்னைக்குப் போய் இன்டர்வியூ வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாமல், பெரம்பலூரில் கேமராவும் இன்டர்காமும் மாட்டிக் கொடுக்கும் ஒரு கடையில் சேர்ந்துவிட்டேன். மூடியிருக்கிற எந்தப் பெட்டியையும் திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. "பொட்டப்புள்ளைக்கு ஏணி மேல என்ன வேலை?" என்று கேட்டவர்கள் வீட்டிலேயே ஏணி போட்டு ஏறிக் கேமரா மாட்டியிருக்கிறேன்.

அந்த விடுதிக்கு ஓர் இன்டர்காம் பெட்டி தேவைப்பட்டது. வெளியிலிருந்து வருகிற டெலிபோன் லைனை உள்ளே இருக்கிற பல போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். அந்த விடுதியில் மாணவிகள் செல்போன் வைத்திருக்கக் கூடாது. முதல் நாளே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். அம்மா அப்பா சாயங்காலத்தில் விடுதி நம்பருக்குக் கூப்பிட வேண்டும், வார்டன் அந்தந்த மாடிக்கு லைனைத் தட்டிவிடுவார். மாடிக்கு ஒரு போன், அதற்கு முன்னால் ஒரு வரிசை.

புதுப் பெட்டி வாங்க மனசில்லாமல், திருச்சியில் மூடிப்போன ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸிலிருந்து கழற்றிய பெட்டியைத் தாளாளர் வாங்கி எங்கள் கடைக்கு அனுப்பியிருந்தார். அதற்கு ஒரு பாஸ்வேர்டு இருந்தது. விற்ற ஆளைக் கேட்டால், "பாஸ்வேர்டா? அது எதுக்குங்க, போன்தானே?" என்றார். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் எந்த மாற்றமும் செய்ய முடியாது. பெட்டியைத் திறந்து, உள்ளே போர்டில் இருக்கும் ஒரு சின்னப் பின்னை இடம் மாற்றிச் செருகி, திரும்பக் கரண்ட் கொடுக்க வேண்டும். அப்போது பழைய ஆபீஸ்காரர்கள் போட்டு வைத்த அத்தனையும் அழிந்து, கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த மாதிரி ஆகிவிடும். கடையிலேயே செய்திருப்பேன். கடைக்கார அண்ணன் விடவில்லை. "மொதல்ல கொண்டுபோய் மாட்டு. எல்லா லைனும் வேல செய்யுதான்னு பாத்துட்டு அப்புறமா அழி. போர்டு செத்துக் கிடந்தா திருப்பிக் குடுக்கணும்ல" என்றார். அதுவும் சரிதான்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் போனேன். "மடியில உக்காந்து வர்றதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டாம்மா?" என்று கண்டக்டர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாகத்தான் போனேன்.

விடுதி ஹாலின் சுவரில் பெட்டியை மாட்டி, வெளி லைனைக் கொடுத்து, வார்டன் மேஜைக்கும் மாடிகளுக்கும் இழுத்திருந்த வயர்களைச் சேர்த்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பழைய செட்டிங்கிலேயே எல்லாம் உயிரோடு இருந்தன. வார்டன் அக்காவுக்கு லைனை மாடிக்கு மாற்றச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. மீன்சுருட்டியிலிருந்து ஓர் அம்மா. முதல் மாடியில் இருக்கும் மகளோடு பேச வேண்டுமாம். வார்டன் பயந்து பயந்து அமுக்கினார். லைன் மேலே போய்விட்டது. "அட, போயிடுச்சே!" என்று அவர் கைதட்டாத குறை.

பாக்கி இருந்தது தாளாளர் அறை மட்டும்தான். அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் போனை வைத்து, வயரைச் செருகி, ஸ்பீக்கரை அமுக்கி முதல் மாடி நம்பரைப் போட்டேன். அங்கே அந்தப் பெண் பேசிக்கொண்டிருக்கிறாள், அதனால் 'பிஸி' என்பதற்கான டொய்ங் டொய்ங் சத்தம் வர வேண்டும். வந்தால் எல்லாம் சரி.

சத்தம் வரவில்லை. அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"... தண்ணி நாத்தம் அடிக்குதும்மா. டேங்கக் கழுவவே மாட்டேங்கறாங்க. எங்க ரூம்ல மூணு பேருக்கு வயித்தால போவுது. வார்டன்கிட்ட சொன்னா மேல பேசாதங்கறாங்க. அப்பாவ ஒருவாட்டி வந்து சத்தம் போடச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதம்மா. அப்புறம், எனக்கு இந்த மாசமும் தூரமான அன்னைக்கு எந்திரிக்கவே முடியல..."

எனக்கு உடம்பு கூசிவிட்டது. கட் பண்ணக் கை போனது. தாளாளர் பேப்பரைக் கீழே இறக்கி, உள்ளங்கையைக் காட்டி, "இரு இரு, கட் பண்ணாத" என்றார். ஒரு பெண் தன் அம்மாவிடம் மாதவிலக்கு வலியைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை அப்பா வயதுள்ள ஒரு மனுஷன் காதைத் தீட்டிக் கேட்கிறார். நான் அமுக்கி நிறுத்திவிட்டேன்.

என்ன நடந்தது என்பது அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. தாளாளர் போனுக்காகப் பெட்டியில் நான் வயர் கொடுத்த அந்த இடம், பழைய ஆபீஸில் மேனேஜரின் போனுக்கான இடம். அந்த போனுக்கு மட்டும் யார் பேச்சிலும் நுழையும் அதிகாரம் கொடுத்து வைத்திருந்திருக்கிறார்கள். அப்படி ஓர் ஆள் நுழைந்தால், பேசிக்கொண்டிருக்கிறவர்கள் காதில் 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்கும். கம்பெனிக்காரன் மரியாதையாகத்தான் செய்து வைத்திருக்கிறான். அந்தச் சத்தத்தையும் யாரோ வேலை மெனக்கெட்டு நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்கள். அந்த ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர், எத்தனை வருஷம் இப்படி அறியாமல் பேசினார்களோ!

தாளாளர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "அருமையான மெஷினா இருக்கேம்மா! இத நீ முன்னாடியே சொல்லலையே?"

"இது பழைய ஆபீஸ் செட்டிங் சார். இப்ப அழிச்சிடுவேன்."

"அழிக்காத. இத அப்படியே வச்சிரு. எல்லாம் பொம்பளப் புள்ளைங்க பாதுகாப்புக்குத்தான். யாரு யாருகூட பேசுதுன்னு எனக்குத் தெரியணும்ல?"

இந்தக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஆண்கள் பாலிடெக்னிக்கும் விடுதியும் இருக்கின்றன. "அங்கயும் ஒண்ணு மாட்டிரலாமா சார்?" என்று கேட்டேன்.

"அவனுங்களுக்கு எதுக்கு? அவனுங்ககிட்டதான் செல்போன் இருக்கே" என்றார். சொல்லும்போது அவர் முகம் ஒரு துளி மாறவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.

கடைக்கார அண்ணனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "கஸ்டமர் கேக்கறத வச்சுக் குடுத்துட்டு வாம்மா. நமக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்று வைத்துவிட்டார். ஊர் வம்பாம்! ஒட்டுக் கேட்கிறவர் வம்பு செய்யவில்லை, வேண்டாம் என்கிறவள்தான் வம்பு செய்கிறாள்.

நான் அறை வாசலில் என்ன செய்வதென்று நின்றுகொண்டிருந்தபோதே, தாளாளர் வார்டனைக் கூப்பிட்டு, முதல் மாடியில் இப்போது பேசிய பெண்ணை அழைத்து வரச் சொன்னார். அவள் வந்தாள். ஒல்லியாக, தலையில் எண்ணெய் தேய்த்துப் படிய வாரியிருந்தாள். கூடவே இன்னொருத்தி. போனுக்கு அடுத்து வரிசையில் நின்ற அறைத்தோழியாம், துணைக்கு வந்திருக்கிறாள்.

தாளாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஏம்மா, டேங்குத் தண்ணி நாத்தம் அடிக்குதா? உங்கப்பா வந்து சத்தம் போடுவாரா? போடச் சொல்லு, பாக்கறேன். சீட்டக் கிழிச்சிக் கையில குடுத்தா தெரியும் நாத்தம் எதுல வருதுன்னு."

அந்தப் பெண்ணுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. மெதுவாகத் திரும்பித் தன் தோழியைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் பார்த்தேன்.

"ஏய், நான் இல்லடி!" என்றாள் மற்றவள்.

"நீ ஒருத்திதானே பக்கத்துல நின்ன? வேற யாரு சொல்லியிருப்பா?"

"சத்தியமா நான் வாயே தொறக்கலடி. உன்கூடத்தான வந்தேன்?"

தாளாளர் சிரித்துக்கொண்டே இருந்தார். "யாரு சொன்னா என்ன? எனக்கு எல்லாம் வந்துரும்" என்றார். ஒரே அறையில் படுத்து எழுந்து, ஒரு தட்டில் சாப்பிடுகிற இரண்டு பெண்கள் அவர் கண் முன்னால் பிரிந்துகொண்டிருந்தார்கள். அவர் நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவருக்கு அதில் ஒரு லாபம் இருந்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "உன் ஃபிரெண்டு சொல்லலம்மா. சார் ஒட்டுக் கேட்டாரு. இந்த போன்ல கேட்டாரு. நான்தான் செக் பண்றதுக்கு நம்பரப் போட்டேன், நீ பேசினது ஸ்பீக்கர்ல வந்துருச்சு" என்றேன். குரல் கொஞ்சம் கூடத்தான் போய்விட்டது. ஹாலில் நின்ற மற்ற மாணவிகளும் எட்டிப் பார்த்தார்கள்.

"யாருகிட்ட பேசறன்னு தெரியுதா?" என்று தாளாளர் மேஜையில் அடித்தார்.

நான் நேராக ஹாலுக்குப் போய், சுவரில் இருந்த பெட்டியின் மூடியைக் கழற்றி, கரண்டை நிறுத்தி, பின்னை இடம் மாற்றிச் செருகினேன். பின்னாலேயே வந்தவர், "ஏய், என்ன பண்ற?" என்று கத்தினார்.

"ரீசெட் பண்றேன் சார். அதுக்குத்தான் என்னக் கூப்பிட்டீங்க."

கரண்டைக் கொடுத்தேன். பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அடங்கின. மேனேஜர் அதிகாரமும் போனது, சத்தத்தை நிறுத்தி வைத்ததும் போனது. அங்கே நின்றிருந்த மாணவிகளிடம், "பேசும்போது நடுவுல பீப்னு ஒரு சத்தம் வந்தா, யாரோ கேக்கறாங்கன்னு அர்த்தம். சத்தமே வராமலும் கேக்கற மாதிரி மாத்தி வைக்க முடியும். தெரிஞ்சு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வெளியே போ என்று அவர் சொன்னதும் நான் கிளம்பியதும் ஒரே நேரத்தில்தான் நடந்தன.

மறுநாள் கடைக்கார அண்ணனே போய்ப் பாக்கி வேலையை முடித்துக் கொடுத்தார். "அத மறுபடியும் போட்டுக் குடுத்தீங்களாண்ணே?" என்று கேட்டேன். "அவரு காசு குடுத்து வாங்கின பொட்டி. எப்படி வேணா வச்சுப்பாரு" என்றார். பெட்டி அவருடையது, சரி. அதில் பேசுகிற பேச்சு யாருடையது? "உங்க பொண்ணு அந்த ஹாஸ்டல்ல இருந்தா?" என்றேன். "அது வேற" என்றார். கொஞ்ச நாளில் நான் அந்தக் கடையிலிருந்து நின்றுவிட்டேன். இப்போது தனியாகத்தான் வேலை எடுத்துச் செய்கிறேன்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் "அக்கா!" என்று யாரோ கையைப் பிடித்தார்கள். அந்தப் பெண். பக்கத்தில் அதே தோழி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கரும்புச் சாறு டம்ளர். மீன்சுருட்டியிலிருந்து அவள் அப்பா இன்னும் நாலைந்து பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு வந்தாராம். டேங்கைக் கழுவிவிட்டார்களாம். யார் சீட்டும் கிழியவில்லை.

"போன் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

தோழிக்கு அப்போதே சிரிப்பு. "யாருக்குப் போன் வந்தாலும் எடுத்தவொடனே, 'சார், வணக்கம் சார், சாப்ட்டீங்களா சார், நான் எங்கம்மாகிட்ட பேசப் போறேன் சார்'னு சொல்லிட்டுத்தான்க்கா பேசறோம். முதல் மாடில ஆரம்பிச்சது, இப்ப ஹாஸ்டலே சொல்லுது. எங்கம்மா மொதல்ல பயந்துட்டாங்க. இப்ப அவங்களும் வணக்கம் சொல்றாங்க."

"அவரு?"

"ஒருநாள் வார்டன்கிட்ட அவரு ரூம் போனத் தூக்கி வெளிய வைக்கச் சொல்லிட்டாருக்கா."

மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்று அப்படிச் சிரித்தோம். ஆனாலும் அந்த மனுஷன் இதுவரை அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. செல்போனும் இன்னும் பூட்டில்தான் இருக்கிறது. தெரியாமல் ஒட்டுக் கேட்கிற வசதி வேண்டும் என்று இப்போதும் சிலர் என்னிடம் வருகிறார்கள், எல்லாரும் 'பாதுகாப்பு' என்கிற அதே வார்த்தையோடுதான் வருகிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும், அன்றைக்கு அந்தப் பெண் தன் தோழியைத் திரும்பிப் பார்த்த பார்வைதான் கண் முன்னால் வந்து நிற்கிறது. வேலை போனால் போகட்டும் என்று ஏணியை மடக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.