முறிகண்டியில் உடைக்காத தேங்காய்

அச்சுவேலிக் கதிரவேலு முறிகண்டியைத் தாண்டியது நித்திரையில். வினை அங்கேதான் தொடங்கியது.

தெற்கே போகிற எந்த யாழ்ப்பாணத்தானும் முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால் வாகனத்தை நிறுத்தி, தேங்காய் உடைத்து, ஒரு பை கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டுதான் ஏறுவான். சாமியே இல்லையென்று வாதாடுகிறவன்கூட இறங்கி உடைத்துவிட்டுத்தான் மிச்ச வாதத்தைத் தொடருவான். கதிரவேலுவும் தன் வளவுத் தேங்காயொன்றைக் குடுமி விட்டு உரித்து மடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டோவில் ஏறினார். கண் விழித்தால் மாங்குளம்!

"மகாதேவி, நிப்பாட்டு! முறிகண்டி எங்கை?"

"அது பின்னாலை போட்டுது அண்ணை."

"உனக்கென்ன விசரே? திருப்படி ஓட்டோவை!"

மகாதேவி அவருடைய தங்கை. புருஷன் செத்தபின் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பாள் என்று ஊர் நினைத்தது. அவளோ ஓட்டோ வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கத் தொடங்கினாள். லீவு விட்டால் ஆளைப் பிடிக்க ஏலாது. தனியே கதிர்காமம், தனியே மட்டக்களப்பு. இந்த முறை மாத்தறை, அதுவும் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு. பஸ்ஸில் போனால் என்ன என்று கேட்டவரிடம், "பஸ்ஸிலை ஏத்தினால் அடுத்த தரிப்பிலை இறங்கிடுவியள்" என்றாள்.

பொய்யில்லை. மாத்தறையில் இருப்பது தர்சிகா, தாயில்லாமல் அவர் வளர்த்த ஒரே மகள். அங்கே ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவள், கூட வேலை செய்த சிங்களப் பெடியனைக் கட்டிக்கொண்டாள். "இனி என்ரை வாசல்படி மிதிக்காதை" என்று மனிசன் போனில் கத்திவிட்டார். அவளும் அவருடைய மகள்தானே, மிதிக்கவே இல்லை. இப்போது அவளுக்குப் பெண்குழந்தை. பேத்தியைப் பார்க்கக் கதிரவேலுவுக்குக் கொள்ளை ஆசை. மகள் முகத்தில் அடித்தமாதிரிக் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம்.

பயத்தை வெளியே சொல்ல முடியுமா? பிள்ளையாரைப் பிடித்துக்கொண்டார். வவுனியாவில் சில்லுக்குக் காற்றுப் போனது. "பாத்தியே?" தம்புள்ளையில் மழை கொட்டியது. "பாத்தியே?" குருநாகலில் தெரிந்தவர் வீட்டில் தங்கினபோது நுளம்பு கடித்ததற்கும் பிள்ளையார்தான் காரணம். ஒவ்வொரு "பாத்தியே"க்கும் மகாதேவி ஒரு பருத்தித்துறை வடையை நீட்டினாள்.

"சாப்பிடுங்கோ. வாய் கொஞ்சம் சும்மா இருக்கட்டும்."

காலி தாண்டியதும் கடல் தெருவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. குளம்போலக் கிடக்கும் வடக்குக் கடலைப் பார்த்து வளர்ந்த மனிசன், ஆள் உயரத்துக்கு எழும்பி அடிக்கிற அலையைப் பார்த்து, "அம்மாடி!" என்று வாயைப் பிளந்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிள்ளையாருக்கும் ஓய்வு.

"எடி, உண்மையைச் சொல்லு. முறிகண்டியிலை ஏன் நிப்பாட்டேல்லை?"

"யாழ்ப்பாணம் போற பஸ்ஸெல்லாம் அங்கை நிக்கும். இறங்கியிருந்தால் ஒண்டிலை ஏறி வீட்டை போயிருப்பியள். பிள்ளையாரிட்டை மன்னிப்புக் கேட்டுட்டு அமத்தி ஓடினனான்."

கதிரவேலுவுக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

மாத்தறையில், சின்ன வீடொன்றின் முன்னால் ஓட்டோ நின்றது. மருமகன் ஓடிவந்து, "வாங்க மாமா" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் கூப்பிட்டான். அவனுக்குப் பின்னால், குழந்தையோடு தர்சிகா. அவள் வாங்கோ என்று சொல்லவில்லை. தகப்பனைப் பார்த்தாள், அவர் நெஞ்சோடு அணைத்திருந்த தேங்காயைப் பார்த்தாள்.

"ஏனப்பா, முறிகண்டியிலை உடைக்கேல்லையோ?"

மகாதேவி வாயைத் திறக்க முன்னம் கதிரவேலு முந்திக்கொண்டார்.

"இல்லையம்மா. திரும்பிப் போகேக்கை உடைப்பமெண்டு வைச்சிருக்கிறன். நீங்களெல்லாரும் வாங்கோ. பேத்தியின்ரை கையாலை தொட்டு உடைப்பம். பிறகு வீட்டை போவம். எங்கடை வீட்டை."

தர்சிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து குழந்தையை நீட்டினாள். தேங்காயோடு குழந்தையையும் வாங்கக் கதிரவேலுவுக்குக் கை போதவில்லை. திரும்பி மருமகனிடம் தேங்காயைக் கொடுத்தார்.

"கவனம் தம்பி," என்றார், "உடைஞ்சிடப் போகுது."