அனிலின் குடித்த காலணி

முன்னறையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. படுத்திருந்த பீப்பாய் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். வந்திருப்பது ஆலையின் நர்ஸ் என்று அவருக்குத் தெரியும்.

"தூங்குறாரா?"

"இப்பத்தான் என்கிட்ட சண்டை போட்டுட்டு இருந்தாரு. அதுக்குள்ள எங்க தூக்கம்? நீங்க உள்ள வாங்க," என்றாள் அவர் மனைவி.

இனி நடித்துப் பயனில்லை. பீப்பாய் எழுந்து உட்கார்ந்தார்.

ஈர்க்குச்சி உடம்புக்காரருக்கு அந்தப் பட்டப்பெயரைத் தந்தது தொழில். சாய ஆலையில் இருபத்திரண்டு வருடம் பீப்பாய்களில் அனிலின் என்ற ரசாயனத்தை நிரப்பியவர். சாயத்துக்கும், ரப்பர் சரக்குக்கும், சில மருந்துகளுக்கும் அது வேண்டும். புதிதில் நிறமில்லாத எண்ணெய் போலிருக்கும். காற்றுப் பட்டால் பழுப்பாகும். அழுகின மீன் வாடை அடிக்கும். மூக்கு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் இறங்கும். உள்ளே போனால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் திணறும். மை குடித்த பிள்ளை போல உதடு நீலமாகும். தலை வலிக்கும், மூச்சு வாங்கும், ஆள் சாய்வான். உயிரும் போகலாம்.

"குரைக்கிற நாய்க்குக்கூடப் பயப்பட வேண்டாம். நக்குற நாய்க்குப் பயப்படு. இது நக்கும்," என்று புதியவர்களுக்கு எச்சரிக்கை சொல்பவரே அவர்தான்.

அப்படிப்பட்டவர் மூன்று நாளைக்கு முன் மயங்கி விழுந்தார். இரண்டு வாரமாக வேலைக்குப் போனால் உதட்டில் நீலம், விடுமுறையில் வீட்டிலிருந்தால் தெளிவு. ஒரு மாதமாக அவருக்கு நிரப்பும் வேலைகூட இல்லை. எடைக் கொட்டகையில்தான் இருந்தார். அங்கே கசிவு இல்லை என்று சோதித்தும் ஆயிற்று. இதயம்தான் கெட்டுவிட்டது என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். நாளைக்கு அப்படி எழுதிவிட்டால் வேலை போனது போனதுதான்.

"அண்ணே, வேலைக்குப் போற அன்னைக்கு மட்டும் உங்க உடம்புல என்ன படுது? யோசிச்சுச் சொல்லுங்க."

பீப்பாய் கதவைப் பார்த்தார். அங்கே மகள் நின்றாள்.

"ஒண்ணுமில்ல, நர்ஸம்மா."

"ஏன் இல்ல?" என்றாள் மனைவி. "வீட்ல செருப்பு. வேலைக்கு அந்த ஷூ. கட்டின பொண்டாட்டியக்கூட இவ்வளவு தடவ பார்த்ததில்ல, அதைத் தடவித் தடவிப் பார்ப்பாரு."

தோல் ஷூ. மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. அவளே போய் எடுத்து வந்தாள். நர்ஸ் கையுறை மாட்டி, ஷூவைச் சற்றே முகத்தருகே கொண்டுபோய், உடனே விலக்கினாள்.

"எப்பச் சிந்துச்சு?"

அவர் மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு வாரம் இருக்கும். நிரப்புற இடத்துல குழாய் மாட்டத் தெரியலன்னு கூப்பிட்டாங்க. ஒரு நிமிஷ வேலைதானேன்னு ரப்பர் பூட்ஸ் போடாமப் போனேன். கொஞ்சம் தெறிச்சுது. அன்னைக்கே காலைக் கழுவிட்டேன். ஷூவையும் சோப்புப் போட்டுத் துடைச்சு, வெயில்ல காய வச்சு, பாலிஷ் போட்டுட்டேன்."

"கால்ல பட்டது கழுவினா போகும். தோல் ஷூ குடிச்சதைக் கக்காது. உங்க கால் வேர்க்க வேர்க்க, கொஞ்சம் கொஞ்சமா உங்களுக்கே ஊட்டிட்டு இருந்திருக்கு. ஏண்ணே அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா ஷூவை எரிச்சிடுவீங்க."

மகளின் கண்ணில் நீர் முட்டியது. "நான் வாங்கித் தந்ததாப்பா உங்களை இப்படி…"

"நீ தந்தது ஷூ. அதுல விஷத்தை வாங்கிட்டு வந்தது நான்," என்றார் பீப்பாய்.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாத்தியாரு," என்று மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நர்ஸ் ஷூக்களை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் வைத்து இறுகக் கட்டினாள்.

"நாளைக்கு முதல் வேலையா ரத்தம் எடுக்கணும். அதுவரைக்கும் இதயம்னு எழுத வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சொல்றேன். ஆனா விதியை மீறினதையும் எழுதுவேன், திட்டு நிச்சயம்."

"எழுதுங்க. அந்த லேஸையாவது…"

"லேஸும்தாண்ணே."

பீப்பாய் தலையாட்டினார். நர்ஸ் பையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி படியிறங்கினாள். மகள் கதவைச் சாத்தினாள்.