கயிறு எட்டும் உயரம்

தொண்ணூறுகளில், தேவகோட்டையில் நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருந்தவர் அவர். நெற்றி நிறையத் திருநீறு. தூசியே இல்லாத மிட்டாய் பாட்டில்களை ஓயாமல் துடைத்துக்கொண்டிருப்பார். பையன்களுக்குச் சிகரெட் விற்கக் கூடாது என்பதில் படு கறார். வயதைக் கேட்டால் பொய் சொல்கிறார்களென்று, சிகரெட் பற்றவைக்கும் நெருப்புக் கயிற்றை உயரத் தூக்கிக் கட்டிவிட்டார். எம்பாமல் கயிற்றைப் பிடிப்பவருக்குத்தான் சிகரெட்.

நாற்பது வயதாகியும் ஐந்தடியைத் தொடாத எனக்குக் கயிறு எட்டவில்லை.

“என் வயசு உங்களுக்குத் தெரியாதா?” என்றேன்.

“தெரியும் சார். அதுக்காக ஆளுக்கு ஒரு சட்டம் போட முடியுமா? கோவிச்சுக்கிராதீக.”

அப்போது என் தலைக்கு மேலாக ஒரு கை நீண்டு கயிற்றைப் பிடித்தது. திரும்பினேன். என் ஒன்பதாம் வகுப்பு மாணவன், வாயில் சிகரெட்டோடு விறைத்து நின்றான்.

கடைக்காரர் முகம் மலர்ந்தது. “பாத்தீகளா சார், தம்பி எம்பவே இல்ல!”

தான் போட்ட சட்டத்தின் மேல் அவ்வளவு நிம்மதியாக இருந்த மனிதரை நான் அப்புறம் பார்க்கவில்லை. மறுநாளே மூக்குப்பொடிக்கு மாறிவிட்டேன். அதற்கு அவரிடம் சட்டம் கிடையாது. பொடி டப்பாக்கள் கீழ்த்தட்டில், மிட்டாய் பாட்டில்களுக்குப் பக்கத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டுகிற இடத்தில் இருந்தன.