பேண்டு மாஸ்டர் விட்ட சொல்

போன வாரம் மகளின் எழுது மேஜை ஆடத் தொடங்கியது. காலுக்கடியில் சொருக ஏதாவது அகப்படுமா என்று டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். அவளுடைய ஞானஸ்நான உடுப்பின் மடிப்பிலிருந்து ஒரு கம்பளித் துண்டு விழுந்தது. என் உள்ளங்கையைவிடச் சிறியது. சின்னப் பிள்ளையின் பாத அளவுக்கு வெட்டியது. ஒரு பக்கம் தேய்ந்து வழவழப்பாகவும், மறுபக்கம் சைக்கிள் கடைப் பஞ்சர் சொல்யூஷன் காய்ந்து கறுத்தும் இருந்தது. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாமல் அவருடைய பழைய போர்வையிலிருந்து நான் வெட்டியது அது. அதைக் கையில் பிடித்தபடி, உலை கொதிப்பதையும் மறந்து, நாங்கள் அப்போது குடியிருந்த தெருவின் பேண்டு மாஸ்டரை நினைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

மகளுக்கு ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிட்டது. இடது கால் மட்டும் பழையபடி ஆகவில்லை. முதல் நாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டுமோ, ஈரத்தில் விளையாட விட்டதுதான் தப்போ என்று நான் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. ஆரம்பப் பள்ளி வேலையை விட்டுவிட்டு அவளோடு வீட்டில் இருந்தேன். நான்கு வயதில் மதுரையில் அளவெடுத்து, இரும்புச் சட்டம் வைத்த பூட்ஸ் செய்து போட்டோம். அதைப் போட்டுக்கொண்டு அவள் தானாக எழுந்து நடந்த அன்று அழுதுவிட்டேன். ஆனால் அதன் சத்தம் என்னை என்னவோ செய்தது. பட்டியக்கல் தரையில் 'டங்' என்று இரும்புக் கால் விழும். பிறகு 'தட்' என்று நல்ல கால். டங்... தட். டங்... தட். தெருவில் போகிறவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பி அவளைப் பார்ப்பார்கள். அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். அதனால்தான் அந்தக் கம்பளியை வெட்டி பூட்ஸின் அடியில் ஒட்டினேன். தரை தேயாமல் இருக்கட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்காரருக்கு ரயில்வே கூட்ஸ் ஆபீசில் வேலை. மாற்றலாகித் திண்டுக்கல் வந்தபோது எங்களுக்குக் கிடைத்த வீடும் பேண்டு மாஸ்டர் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. கல்யாண ஊர்வலங்களில் சிவப்புக் கோட்டும் தங்க நிறப் பொத்தான்களுமாக முன்னால் நடக்கும் மாஸ்டர், வீட்டில் கைலியும் பனியனுமாக முக்காலியில் உட்கார்ந்து ஒரு கம்பால் தரையைத் தட்டித் தாளம் காட்டுவார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்கள் வந்து சேர்வார்கள். கிளாரினெட் வாசிக்கும் பாய் தோல் மண்டி வேலையை முடித்துக்கொண்டு பேகம்பூரிலிருந்து சைக்கிளில் வருவார். பெரிய டிரம் அடிப்பவர் பூட்டுப் பட்டறையிலிருந்து விரலெல்லாம் அரத்தூளோடு வருவார். வந்ததும் சுவர் அதிர ஆரம்பிக்கும். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. மகளுக்கோ அதுவே திருவிழா. மாஸ்டர் வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். வாசிப்பு ஓயும் நேரத்தில் பெரிய டிரம்மின் வயிற்றில் கை வைத்துப் பார்க்க அவளுக்கு மட்டும் அனுமதி உண்டு. "வா ஆத்தா, வந்து அதிருதான்னு பாத்துச் சொல்லு" என்பார் மாஸ்டர். காலையிலிருந்து அவள் அந்த ஆறு மணிக்காகவே காத்திருப்பாள்.

வாசிப்பவர்களுக்குள் சில சொற்கள் உண்டு. தாளம் பின்தங்கி இழுத்தால் 'நொண்டி'. கிளாரினெட்டின் வாயில் செருகும் நாணல் ரீடு சத்தம் தராவிட்டால் 'ஊமை'. பக்கத்து ஆள் வாசிப்பதைக் கேட்காமல் தன்போக்கில் போகிறவர் 'செவிடு'. இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் வாசித்துப் பழகுவார்கள். "ஏலே, இன்னைக்கும் நொண்டியடிக்கிறியே! நாளைக்கு வரும்போது ஒரு கட்டை ஊனிக்கிட்டு வா" என்று மாஸ்டர் பெரிய டிரம்காரரைப் பார்த்துக் கத்திய சாயங்காலம், என் மகள் படியில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் தலைவலி என்று சொல்லி அவளை அனுப்பவில்லை. அதற்கு அடுத்த நாள் எண்ணெய் தேய்த்த உடம்பு என்றேன். மூன்றாம் நாள் சொல்லக் காரணம் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "அவுக தொழில்ல பேசிக்கிறது. நம்ம பிள்ளைய நெனச்சா சொல்றாக? வந்து ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள பக்கத்து வீட்டோட மல்லுக்கு நிக்கணுமா?" என்றார். அவர் சொல்வதும் நியாயமாகவே பட்டது. இத்தனை வருஷம் சொல்லிவந்ததை எனக்காக ஏன் அவர்கள் விட வேண்டும்? ஆசிரியப் பயிற்சிப் பள்ளி விடுதியில், சுதி சேராமல் பாடிய தோழியை நானே 'செவிடி' என்று கூப்பிட்டு விடுதி முழுவதையும் சிரிக்க வைத்தவள்தானே? அப்போது அது எனக்கு வெறும் விளையாட்டு. என் வீட்டுக்குள் வந்தபோதுதான் அதற்கு எடை இருப்பது தெரிந்தது. இருந்தும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நேரில் போய்ச் சொல்லத் தைரியம் இல்லாததால், படித்தவள் என்ற நினைப்பில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று முறை கிழித்து நான்காம் முறை எழுதியதை, மத்தியானம் மாஸ்டர் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு ஓடி வந்தேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியாது. பேண்டு செட்டுக்குக் கடிதம் வந்தால் அது கல்யாண ஏற்பாடுதான். எந்த ஊர், எந்தத் தேதி, யார் யார் வர முடியும் என்று பார்ப்பதற்காக, வந்த கடிதத்தை எல்லோரும் கூடியிருக்கும்போது பாய் உரக்க வாசிப்பதுதான் அங்கே வழக்கம். அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பாயின் கணீர்க் குரலில் என் கடிதம் கேட்டது.

"'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் சகோதரி எழுதிக்கொள்வது.' மாஸ்டரே, இது கல்யாணம் மாதிரி தெரியலையே."

"முழுசா வாசிங்க பாய். தேதி கீழ போட்டிருப்பாக."

பாய் வாசித்தார். 'வாசித்துப் பழகும்போது தாங்கள் சொல்லும் ஒரு சொல்லை என் மகள் கேட்கிறாள். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணிவிடுவாளோ என அஞ்சுகிறேன்.' வரவரப் பாயின் குரல் இறங்கிக்கொண்டே போய்க் கடைசி வரியில் நின்றது. தரையைத் தட்டும் கம்பும் நின்றது. நான் சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

முதலில் பெரிய டிரம்காரர்தான் பேசினார். "சொல்றது என்னையத்தானே. எனக்கே ரோசம் வரல. அந்தப் பிள்ளைய ஒரு வார்த்தை சொல்லிருப்போமா?"

"ஒனக்கு ரெண்டு காலும் திடமா இருக்கு, ஏன் ரோசம் வரப்போவுது?" என்றார் பாய்.

"எங்கய்யா காலத்துலருந்து சொல்றது பாய். அதுக்கு வேற பேரே கெடையாது," என்றார் மாஸ்டர்.

"அப்ப ஊமைங்குறதையும் விடணும், செவிடுங்குறதையும் விடணும். கடசீல நாமதான் கைச்சாடையில பேசணும்" என்றார் டிரம்காரர். யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. "பெத்தவ எழுதிருக்கா. இனிமே அந்தச் சொல்லு இங்க வேணாம். அம்புட்டுத்தேன்" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாளே மகளை அனுப்பினேன். மாஸ்டர் சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் நாக்கு பழகியது. டிரம் இழுக்கும்போதெல்லாம் "நொ..." என்று ஆரம்பித்து, பல்லைக் கடித்து நிறுத்துவார். நிறுத்திவிட்டு வாசற்படியைப் பார்ப்பார். அவர் பார்த்ததும் மற்ற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சொல்லைச் சொன்ன நாளில் டிரம்காரரைப் பார்த்த கண்கள், சொல்லாத நாளில் என் மகள் காலைப் பார்த்தன. மூன்றாம் நாள் பாதியிலேயே எழுந்து வந்தாள். "மாஸ்டர் மாமா என்னையப் பாத்துப் பாத்து நிறுத்துறாரும்மா. நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள். இனிப் போகவில்லை என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. படுத்தபடியே ஒரு கையை மட்டும் சுவரில் வைத்து அதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கடிதம் எழுதி, என் பிள்ளைக்கு இருந்த ஒரே கொண்டாட்டத்தையும் நானே பிடுங்கிவிட்டேனே என்று அன்று நான் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் பொறுத்து, சாயங்காலம் ஆட்கள் வந்து சேர்ந்த பிறகு, மாஸ்டரே எங்கள் வாசலுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "ஆத்தாவக் காணமே டீச்சரம்மா, மேலுக்குச் சொகமில்லையா?" என்றார். மகள் கேட்ட கேள்வியை அப்படியே சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "வாய அடக்கிப்புட்டேன். கண்ணு அடங்க மாட்டேங்குது. என்ன செய்யச் சொல்றீக?" என்றார். அதற்குள் அவர் குரல் கேட்ட மகள் முற்றத்திலிருந்து வேகமாக வந்தாள். அங்கே அப்போதுதான் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். ஈரத்தில் கம்பளி வழுக்கி, அவள் தூணைப் பிடித்துக்கொண்டு தப்பினாள். ஒட்டு விட்டுக் கம்பளி தரையில் கிடந்தது. மாமா தன்னைத் தேடி வந்துவிட்ட சந்தோஷத்தில் அதைக் கவனிக்காமல் அவள் மாஸ்டருக்கு முன்பே அவர் வீட்டுக்குள் போய்விட்டாள். டங்... தட். டங்... தட்.

மாஸ்டர் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டார். இத்தனை நாளும் நான்தான் கேட்க விடவில்லையே. வாசலில் அப்படியே நின்றவர், கையால் தொடையில் தட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். சுவர் வழியாக அவர் குரல் வந்தது.

"ஏப்பா, இம்புட்டு நாளா நாம சொன்னது பொய்யி. ஆத்தா நடையக் கேட்டியா? ஒரு எட்டுக்கும் மறு எட்டுக்கும் எம்புட்டு நேரம் விட்டுச்சோ, கடைசி வரைக்கும் அம்புட்டுத்தேன். நொண்டுற காலு தாளம் தப்பல. தப்புறது நீ."

அவர் திரும்பவும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார், அதுவும் என் பிள்ளையைக் காட்டியே. அவளைக் கூட்டி வரப் படியிறங்கினேன். ஆனால் மகளின் குரல் கேட்டது: "அப்ப டிரம் மாமா யாரு?"

"அவனா? சாவியத் தொலைச்சவன். பூட்டப் பூட்டிப்புட்டு, தொறக்கத் தெரியாம முழிக்கிறான் பாரு!"

"பட்டறைய ஏன் மாஸ்டர் இழுக்குறீக?" என்றார் டிரம்காரர்.

"ஒனக்குத் திருப்பிச் சொல்ல வாயிருக்குல்ல. சொல்லேன்."

"சொல்றேன். நீங்க கம்பத் தட்டுறது கோழி வெரட்டுற மாதிரி இருக்கு!"

எல்லோருக்கும் மேலாக என் மகள் சிரித்தது கேட்டது. அன்றிலிருந்து தாளம் இழுத்தால், "சாவி எங்கப்பா?" என்பார்கள். டிரம்காரர் மடியைத் தடவித் தேடுவதுபோல நடிப்பார். யாரும் வாசற்படியைப் பார்க்கவில்லை. நான் கம்பளியைத் திரும்ப ஒட்டவுமில்லை. எறியவும் மனம் வராமல் பெட்டியில் போட்டேன்.

அவர் அன்று சொன்னது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன். அவள் நடையை அத்தனை பேர் முன்னால் எடுத்துப் பேசியிருக்க வேண்டாமோ என்று சில நாள் தோன்றும். இன்னொன்றும் உறுத்தும். நான் கடிதம் எழுதியது ஒரு சொல்லுக்கு மட்டும்தான். அதே தெருவில் குழாயடிக்கு வரும் ஓர் அம்மாவின் மகனுக்குப் பேச்சு வராது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மாஸ்டர் வீட்டைத் தாண்டும்போது, பாய் "சனியன், ஊமை ரீடு" என்று திட்டியது எத்தனை முறை என் காதில் விழுந்திருக்கிறது! என் பிள்ளை காரியம் முடிந்ததும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு வருஷம் கழித்துத்தான், கடிதம் எழுதாமல், சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த பாயிடம் நேரிலேயே சொன்னேன். அவர் என்னையும் அந்த அம்மாவின் வீட்டையும் பார்த்தார். "வாஸ்தவந்தான் தங்கச்சி" என்றார். பிறகு அவர் ரீடு சத்தம் தராவிட்டால், "இன்னைக்கு நோன்பு புடிச்சிருக்கு, வாயத் தொறக்க மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார். 'செவிடு' மட்டும் நாங்கள் வீடு மாறும்வரை அங்கே இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; விடுதித் தோழியின் முகம் குறுக்கே வந்துவிடும்.

மாஸ்டர் இப்போது வடமதுரையில் தம் மகளோடு இருக்கிறார். போன மாதம் ஒரு கல்யாண ஊர்வலம் எங்கள் இப்போதைய தெரு வழியாகப் போனது. முன்னால் நடந்தவர் யாரோ புதியவர். டிரம் கொஞ்சம் இழுத்ததும் அவர் திரும்பி, "சாவி எங்கப்பா?" என்றார். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

உலை பொங்கி அடுப்பு அணையும் நேரத்தில்தான் எனக்குச் சுய நினைவு வந்தது. பள்ளிக்கூடம் விட்டிருந்தது. தெருக்கோடியில் டங்... தட், டங்... தட். மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பூட்ஸ் இரண்டு முறை மாறிவிட்டது. குழாயடியில் செத்த நேரம் நின்று பேசுகிறாள், இப்போது கிளம்புகிறாள் என்று அடுக்களையிலிருந்தே எனக்குத் தெரியும். உள்ளே வந்தவள் என் கையைப் பார்த்து, "இது என்னம்மா?" என்று கேட்டாள். மறைக்கத்தான் கை போனது. ஆனால், "நீ நடந்தா சத்தம் கேக்கக் கூடாதுன்னு, அப்ப ஒன் பூட்ஸ்ல நான் ஒட்டுனது" என்று சொல்லிவிட்டேன்.

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதான் அப்ப வழுக்குச்சா?" என்றாள். பிறகு அதை இரண்டாக மடித்து, உட்கார்ந்து, ஆடிய மேஜைக் காலுக்கடியில் சொருகினாள். இரண்டு கையாலும் மேஜையை அழுத்திப் பார்த்தாள்.

"இப்ப ஆடலம்மா."