செவ்வாயில் நான் இறக்கிய விண்கலம்

போன புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் ஒருவர் நின்றார். கையில், ஞாயிறுதோறும் நான் எழுதும் நம் பத்தி வந்த பேப்பர். அதில் ஒரு வரியின் கீழே சிவப்பு மையில் கோடு.

ஆட்டோகிராப் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, நல்ல சட்டையாகத் தேடி மாட்டிக்கொண்டு போனேன். ஆசையைப் பாருங்கள்!

“இன்னா சார் இப்டி எழுதிக்கீறீங்க? என் மானமே பூட்ச்சு.”

பெயர் டில்லிபாபு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வீடு காலடிப்பேட்டை. அங்கே அண்ணாச்சி டீக்கடையில் தினமும் காலையில் பேப்பரைச் சத்தமாகப் படித்துச் சொல்வது இவர்தான். பத்துப் பதினைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்களுக்குக் கண்ணாடி வீட்டில் இருக்கும்.

செவ்வாய்க் கிரகத்துக்கு ஆளில்லாத விண்கலம் ஒன்று போய்ச் சேர்ந்ததே... அதை டிவியில் பார்த்துவிட்டு, சனிக்கிழமை கடையில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். அது இறங்காது, சுற்றிச் சுற்றி வந்து படம் பிடிக்கும், மேலே இருந்தபடியே தரையை ஆராயும் என்று.

மறுநாள் ஞாயிறு. நம் பத்தி வந்தது. அதில் நான் என்ன எழுதியிருந்தேன்? ‘செம்மண் புழுதி பறக்க இறங்கியது விண்கலம்!’

ஏன் அப்படி எழுதித் தொலைத்தேன்? அவசரம். பேப்பர் ஆபீசிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. தவிர, ‘சுற்றுகிறது’ என்று எழுதினால் என்ன கிக் இருக்கிறது? புழுதி பறந்தால்தானே ஜோர்!

டீக்கடையில் ஒரே ரகளை.

“இத்தினி வருசமா நீ படிச்சதெல்லாம் உடான்ஸான்னு கேக்கறானுங்க சார். இப்ப பேப்பரை அண்ணாச்சி மச்சான் கைல குட்த்துட்டாங்க. அவன் சினிமா பக்கத்தைத் தாண்ட மாட்டான். நான் ஓரமா குந்திகினு டீ குடிக்கிறேன்.”

எனக்கு ரொம்ப வெட்கமாகப் போயிற்று. “வாங்க, நானே வந்து சொல்றேன்” என்று அவர் மொபெட்டின் பின்னால் ஏறிக்கொண்டேன். மணலிக்குப் போகிற டாங்கர் லாரிகளுக்கு நடுவே, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

பெஞ்சு நிறைய ஆள். தொண்டையைச் செருமினேன். “எழுதினது நான்தான். தப்பு என்னுது. டில்லிபாபு சொன்னதுதான் சரி.”

அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேப்பரில் பத்தியின் தலையில் இருக்கும் என் படத்தைப் பார்த்தார்.

“என்னவே டில்லி, யாரைக் கூட்டிட்டு வந்து ஏமாத்தப் பாக்கீரு? படத்துல மீசை இருக்குல்லா? தலையில முடியும் இருக்கு!”

பெஞ்சே சிரித்தது. அந்தப் படம் எடுத்துப் பல வருஷம் ஆகிறது. மாற்றுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. யார்தான் கேட்பார்கள்?

டில்லிபாபுவுக்கு வந்ததே கோபம்! “யோவ், ஆர்பர்ல எடம் இல்லாங்காட்டி கப்பலு கடல்லயே நிக்குதே... அது மெட்ராசுக்கு வந்துச்சா, இல்லியா? வந்துச்சுன்னுதான சொல்றோம்? அது மாரிதான்யா இது. அங்க போயி சேந்துச்சு, எறங்கல. கப்பலு நிக்குது, இது சுத்திகினு கீது. அவ்ளோதான்!”

அடடா! எனக்கு இப்படி எழுத வரவில்லையே! பெஞ்சில் இரண்டு மூன்று தலைகள் ஆடின. எல்லாம் துறைமுகத்து ஆட்கள்.

அண்ணாச்சி மட்டும் மசியவில்லை. “பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேப்பர்ல போடச் சொல்லும், நம்புதோம்.”

எதிரில் நிற்கிற என்னைவிட, அச்சில் இருக்கிற என்னைத்தான் ஊர் நம்புகிறது. என்னிடமே நான் தோற்றுப்போய், அண்ணாச்சி நீட்டிய டீயை வாங்கிக் குடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமான டீ. டில்லிபாபு பக்கத்தில் உட்கார்ந்து குடித்ததில் மனசுக்கும் நிறைவாக இருந்தது.

ஆகவே, இதோ அச்சிலேயே சொல்கிறேன். விண்கலம் இறங்கவில்லை. சுற்றுகிறது. டில்லிபாபு சொன்னதில் ஒரு சொல்கூட உடான்ஸ் இல்லை. உடான்ஸ் விட்டது நான்.

அண்ணாச்சி, இதை இப்போது சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பது உங்கள் மச்சானா? இங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள் — பேப்பரை டில்லிபாபு கையில் கொடுங்கள்.