தாத்தாவைக் காட்டிக்கொடுத்த கோழி

போன மாதம் பெரியப்பா பஸ் பிடித்துப் புதுக்கோட்டைக்கு வந்தார். காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"தம்பி, எனக்கு ஒரு எடம் பாக்கணும்."

"எதுக்குங்க பெரியப்பா... வீடு கட்டவா?"

"என்னையப் பொதைக்க."

ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். மூன்று வேளையும் ஒரு பிடி பிடிக்கிறார். இவருக்கு இப்போது என்ன அவசரம்? விஷயம் வேறு. இடம் எங்கேயோ இருந்தால் போதாது. அவருடைய அப்பாவுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, பக்கத்தில் வேண்டும். தாத்தா எங்கே இருக்கிறார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

எங்கள் வகையறாவில் புதைப்பதுதான் வழக்கம். கல் வைப்பதில்லை. இரண்டு மழை பெய்தால் மேடு தரையாகிவிடும். தாத்தா போனபோது பெரியப்பா கொழும்பில் கடைச் சிப்பந்தி; என் அப்பா கைக்குழந்தை. சேதி கிடைத்து, கப்பலேறி வந்து சேர்வதற்குள் கருமாதியே முடிந்துவிட்டது. எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். "அங்கிட்டுத்தான்" என்று பொதுவாகக் கையை நீட்டினார்களாம். தூக்கிப் போனவர்களும் இப்போது ஒவ்வொருவராக அங்கிட்டுப் போய்விட்டார்கள்.

நான் பத்திரிகையில் எழுதுகிறவன் அல்லவா? "கவலையே படாதீங்க, ரெக்கார்டு இருக்கும்" என்றேன். இந்த வாய் இருக்கிறதே...

திருவரங்குளம் பக்கம் எங்கள் கிராமம். முன்சீப்பைப் பார்த்தோம். "பழைய பொஸ்தகமெல்லாம் தாலுகா ஆபீஸுக்குப் போயிருச்சுங்களே" என்றார். தாலுகா ஆபீஸில் கிளார்க் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"சமஸ்தான காலத்து ரெக்கார்டுங்களா? தேடணும். மனு யாரு பேர்ல... செத்தவரு எங்க?"

"அதைக் கண்டுபிடிக்கத்தாங்க வந்திருக்கோம்" என்றார் பெரியப்பா.

நாலு தடவை அலைந்த பிறகு கட்டு வந்தது. தூசியில் தும்மியபடியே புரட்டினோம். தாத்தா பெயர் கருப்பையா. அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் கருப்பையா. செத்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே காரணம், காய்ச்சல். பனையிலிருந்து விழுந்தவருக்கும் அதே காய்ச்சல்தான். கடைசியில் தகப்பன் பெயரை வைத்துத் தாத்தாவைப் பிடித்தோம். இறந்தது மாசி மாதம், சனிக்கிழமை. அடக்கம் செய்த இடம்: ஊர் மயானம்.

இதற்கா இத்தனை அலைச்சல்? ஒருவர் செத்தாரா என்பது சர்க்காருக்குத் தெரிந்தால் போதும். எங்கே படுத்திருக்கிறார் என்பது அவர் சொந்த விவகாரம். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பெரியப்பாவோ எழுந்து நின்றுவிட்டார்.

"சனிக்கெழமையா? அப்ப கோழி கட்டியிருப்பாய்ங்களே. யாரு வீட்டுக் கோழி?"

சனிக்கிழமை போனவர் துணைக்கு ஆள் தேடுவார் என்று எங்கள் பக்கம் ஒரு பயம். அதனால் பாடையில் ஒரு கோழியைக் கட்டி, அதையும் கூடவே புதைத்துவிடுவார்கள். ஊருக்குத் திரும்பி விசாரித்தோம். தாத்தாவை யாருக்கும் நினைவில்லை. கோழியைக் கேட்டதும் எல்லா விரலும் ஒரே வீட்டைக் காட்டின. அது எங்கள் தெருவிலேயே இருக்கும் செல்லாயி அத்தை வீடு.

"வாங்கண்ணே, இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்?" அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "முட்டையிடுற கோழி. ஒரு வார்த்தை கேக்காமப் புடிச்சுட்டுப் போனாக. நான் சின்னப்புள்ள. அழுதுக்கிட்டே மயானம் வரைக்கும் பின்னாடியே ஓடுனேன்."

"பொம்பளைப்புள்ள மயானத்துக்குப் போலாமா?" என்றார் பெரியப்பா.

"எங்கோழி போலாமா?"

அப்படியானால் இடம் தெரியும். ஆனால் காட்ட வேண்டுமே. முதலில் கோழி, அப்புறம்தான் இடம் என்றுவிட்டாள். பெரியப்பா எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். "செத்துப்போன கோழிக்கு இப்பப் போய்க் கோழியா?" என்று முனகினார். முனகிக்கொண்டே சந்தைக்குப் போய் முட்டைக்கு வந்த நல்ல வெடைக்கோழியாகப் பார்த்து வாங்கி வந்தார். அத்தை அதைத் தூக்கிப் பார்த்து, தடவிப் பார்த்து, கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டுத்தான் கிளம்பினாள்.

மயானத்தில் இரட்டைப் பனைக்கு மேற்கே போய் நின்றாள். "இங்கதான். எங்கோழி தலமாட்டுல."

பெரியப்பா அளக்கக் கயிறு கொண்டுவந்திருந்தார். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தார். ஒரு பிடி மண்ணை அள்ளி அந்த இடத்தில் போட்டார்.

"ஒரு பிடி மண்ணு போட வராமப் போயிட்டனேப்பா... தனியா அனுப்பிட்டேனே."

அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. செல்லாயி அத்தை வேறு பக்கம் பார்த்தபடி சொன்னாள்:

"அழுவாதீங்கண்ணே. அவுக ஒண்ணும் தனியாப் போகலை. எங்கோழி கூடத்தானே போச்சு."

பக்கத்து இடத்தில் கல் நட்டு அடையாளம் வைத்தாயிற்று. பெரியப்பா இப்போது நிம்மதியாகச் சாப்பிடுகிறார். அத்தை மட்டும் புதுக் கோழியைச் சனிக்கிழமைகளில் கூடையை விட்டு வெளியே விடுவதில்லையாம்.